குடத்தில் போட்ட ஓலையும் பெட்டியில் போட்ட சீட்டும்

உத்திரமேரூர் என்றால் குடவோலை. குடவோலை என்றால் "உலகத்துக்கே ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுத்த ஊர்". பள்ளிக்கூடத்தில் இதை எழுதி இரண்டு மார்க் வாங்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. சாலவாக்கம் அந்த உத்திரமேரூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெருமை கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தக் கல்வெட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படித்தால் ஒரு விஷயம் புரியும். அங்கே யாரும் யாருக்கும் ஓட்டே போடவில்லை!

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. ஊரை 30 குடும்பாகப் பிரிப்பார்கள் (குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி). தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஒன்றை எடுப்பான். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார். கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாதே! இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

ஆக, இது தேர்தல் இல்லை, குலுக்கல். ஆள் சேர்க்கவோ, கோஷ்டி கட்டவோ இதில் பெரிய பலன் இல்லை. அதற்காக எல்லோர் பெயரும் குடத்துக்குள் போய்விடாது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயது 919-ல் 30 முதல் 60 வரை என்று இருந்தது, 921-ல் 35 முதல் 70 வரை என்று மாற்றினார்கள். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வயலில் இறங்கி உழுதவர் பெயரும் பெண்கள் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. மேடையில் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பி.காம் படிக்கிற எனக்குப் பிடித்த இடம் வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடத்தின் பக்கமே வரக்கூடாது. அவன் மட்டுமா? அத்தை மகன், மாமன் மகன், மைத்துனன், மருமகன் என்று அவன் சொந்தக்காரர்களையும் வரிசையாக எழுதி விலக்கி வைத்திருக்கிறார்கள். தன்னால் நிற்க முடியாவிட்டால் மச்சானை நிறுத்துவான் என்பது ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது! கடந்த மூன்று வருஷத்தில் பதவியில் இருந்தவனுக்கும் இடமில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2011-ல் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலுக்கான அறிவிப்பை, இடஒதுக்கீடு சரியாக இல்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, மாவட்டங்கள் பிரிந்த காரணத்தால் காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. இங்கே தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். முழுசாக ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி.

2020 டிசம்பர் 10 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் மோடி உத்திரமேரூர் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். அன்றைக்கு உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஒரு கிராமத்துக்குக்கூடத் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அந்த 2021-ல் இந்த ஊர்க்காரர்கள் இரண்டு முறை ஓட்டுப் போட்டார்கள். ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். அது முழுக்கக் கட்சிச் சண்டை. உத்திரமேரூர் தொகுதியில் திமுகவின் க. சுந்தர் அதிமுகவின் சோமசுந்தரத்தை ஜெயித்தது 2,000-க்கும் குறைவான ஓட்டில். தொகுதி கிட்டத்தட்ட சரிபாதி. ஆறு மாதம் கழித்து உள்ளாட்சித் தேர்தலில் ஒரே ஆள் கையில் நாலு சீட்டு. பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. இந்த இரண்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு. இவற்றில் ஆட்டோ, பூட்டு சாவி மாதிரிச் சின்னங்கள்தான், கட்சி கிடையாது.

கட்சி கிடையாது என்பது சீட்டில் மட்டும். யார் எந்தக் கட்சி என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் இளஞ்சிவப்புச் சீட்டில் மனசு வேறு மாதிரிதான் வேலை செய்கிறது. பச்சையில் பரம்பரைக் கட்சிக்குக் குத்துகிறவர் இதில் பங்காளிக்கோ, தெருக்காரருக்கோ, ராத்திரியில் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கிறவருக்கோ குத்துவார். சட்டமன்ற ஓட்டை வைத்துக் கிராமத்தின் சாய்வைக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தப்புவது இங்கேதான்.

குடத்துக்குள் போக முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குச் சீட்டு போடுகிறார்கள், நிற்கிறார்கள். 2016-ல் வந்த சட்டத் திருத்தத்தால் பாதி இடம் பெண்களுக்கு. இதில் நாம் பராந்தகன் காலத்தைவிட எங்கேயோ போய்விட்டோம். கணக்கு விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிராம சபையில் வரவு செலவை வாசிக்க வேண்டும், வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். ஓட்டு நாளன்று காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேர் அந்த ஆறு நாளில் ஒரு நாளாவது போயிருக்கிறோம்? நான் இதுவரை ஒரு தடவைதான் போனேன், அதுவும் கணக்கு வாசித்து முடித்த பிறகு.