ஓடிய சாலையின் நீளம்

பாஸ்டன் நகரத்து மராத்தான் ஓட்டத்தில் ஏழு முறை முதலாவதாக வந்த கிளாரன்ஸ் டிமார் என்னும் அச்சுத் தொழிலாளியின் வெற்றிக் காலங்களை வரிசையாக எழுதிப் பார்க்கிறவர், 1922-ல் 2 மணி 18 நிமிஷம் 10 விநாடியில் ஓடி முடித்த அதே மனிதர் 1924-ல் 2 மணி 29 நிமிஷம் 40 விநாடியும், 1927-ல் 2 மணி 40 நிமிஷம் 22 விநாடியும் எடுத்துக்கொண்டதைக் கண்டு, வயது ஏற ஏற அவருடைய கால்கள் தளர்ந்துபோயின என்றே தீர்மானிப்பார். ஆனால் 1922-ல் அந்த ஓட்டம் ஆஷ்லண்ட் என்னும் சிற்றூரில் புறப்பட்டு ஏறத்தாழ 24½ மைலில் முடிந்தது. 1924-ல் புறப்படும் கோட்டை மேற்கே ஹாப்கின்டனுக்கு நகர்த்தி 26 மைல் 209 கெஜம் ஆக்கினார்கள். 1927-ல்தான் 26 மைல் 385 கெஜம் என்ற பூரண அளவு வந்து சேர்ந்தது. அன்றைய வெயிலும் கொடுமையானது. மைலுக்கு எத்தனை நிமிஷம் என்று வகுத்துப் பார்த்தால், 1922-க்கும் 1924-க்கும் உள்ள வித்தியாசம் மைலுக்குப் பத்து விநாடிகூடத் தேறாது. 1930-ல், நாற்பது வயதைக் கடந்த பிறகு, பூரண தூரத்தையும் அவர் 2 மணி 34 நிமிஷம் 48 விநாடியில் ஓடி ஏழாவது வெற்றியைப் பெற்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தளர்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாலை ஓட்டங்களின் சரித்திரத்தை ஆராயப் புகுகிறவர்கள் பெரும்பாலும் ஓடியவர்களின் பெயரிலும் கடிகாரத்தின் கணக்கிலுமே கண்ணாயிருந்து, ஓடிய வழியைப் பற்றி விசாரியாமல் விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் முதலில் விசாரிக்கவேண்டியது வழியைத்தான். மைதானத்து வட்டப் பாதை ஓட்டத்துக்கென்றே அளந்து போடப்பட்டது. சாலையோ வண்டிகளுக்கும் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்குமாக ஏற்பட்டது. ஆகையால் வளைவு நிமிர்த்தப்படுவதும், பாலம் புதிதாகக் கட்டப்படுவதும், தெரு அகலமாவதும் ஓட்டக்காரரைக் கேட்டு நடக்கிற காரியங்கள் அல்ல. அந்த வழியின் நீளத்தை அறியாமல் பழைய காலங்களை ஒப்பிடுவது, வருஷத்துக்கு வருஷம் முழக்கோல் மாறுகிற கடையின் கணக்கை நம்பித் துணியின் விலையை ஒப்பிடுவது போலாகும்.

இதற்காக முன்னோரைக் குறை கூறுவது நியாயமாகாது. 1896-ல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் மராத்தானைக் கண்ட உற்சாகத்தில் பாஸ்டன் தடகளச் சங்கத்தார் மறு வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி, மெட்காஃப் என்பவரின் ஆலையருகே ஓட்டக்காரர்களை நிறுத்திப் புறப்பட வைத்தபோது, மராத்தான் என்றால் இத்தனை மைல் என்ற நிர்ணயமே உலகத்தில் கிடையாது. 26 மைல் 385 கெஜம் என்ற தூரம் 1908-ல் லண்டனில் ஓடப்பட்டு, 1921-ல்தான் சர்வதேசப் பிரமாணமாக ஏற்கப்பட்டது. ஆகவே முதல் வருஷத்தில் 2 மணி 55 நிமிஷம் 10 விநாடியில் ஜயித்த நியூயார்க் நகரத்து ஜான் மக்டெர்மட் குறைந்த தூரம் ஓடினார் என்று எழுதுவது சரித்திரத்தைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

ஆதாரங்களைத் தேடிப் போனால் முதலில் கைக்கு அகப்படுபவை பழைய தினப்பத்திரிகைகள். கனடாவில் ஹாமில்டன் நகரத்து விரிகுடாவைச் சுற்றி ஓடும் பந்தயம் பாஸ்டனுக்கு மூன்று வருஷம் முந்தியது. 1894-ல் அதை நடத்த முன்வந்ததே ‘ஹெரால்ட்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகைதான். பந்தயத்தை நடத்துகிற பத்திரிகையே அதன் சாட்சியாகவும் இருக்கும்போது விவரங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பரிசு பெற்றவர்களுக்குப் பிறகு வந்தவர்களின் பெயரைப் போட பத்திரிகைகளில் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் பிரவுனிங் ராஸ் முதன்மையானவர். 1948, 1952 ஒலிம்பிக் பந்தயங்களில் தடை தாண்டும் நெடு ஓட்டத்தில் கலந்துகொண்ட அவர், 1956 முதல் ‘லாங் டிஸ்டன்ஸ் லாக்’ என்ற சிறு பத்திரிகையை நடத்தி, ஊர் ஊராக நடந்த ஓட்டங்களின் முடிவுகளைச் சிரத்தையோடு அச்சிட்டு வந்தார். கடைசியில் வந்தவரின் பெயரும் காகிதத்தில் ஏறவேண்டும் என்ற எண்ணம் எத்தனை உயர்ந்தது என்பது, ஒரு சிற்றூர் ஓட்டத்தின் பழைய பட்டியலைத் தேடி அலைந்தவருக்குத்தான் தெரியும்.

பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஓடவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1966-ல் பாபி கிப் என்ற பெண், விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிறகு, தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து பாஸ்டன் வரை முழுத் தூரமும் ஓடினாள். 1972 வரையில் பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. 1966 முதல் 1971 வரை பெண்களில் முதலாவதாக வந்தவர்களைச் சங்கம் 1996-ல்தான் வெற்றியாளராக ஒப்புக்கொண்டது. முப்பது வருஷத்துக்குப் பிறகேனும் ஏடு திருத்தப்பட்டதே என்று நான் மனமாரச் சந்தோஷப்படுகிறேன்.

வழியின் அளவுக்கே திரும்புவோம். 1950-களில் பாஸ்டனில் காலங்கள் திடீரென்று குறைந்தன. 1953-ல் ஜப்பானின் கெய்ஸோ யமாடா 2 மணி 18 நிமிஷம் 51 விநாடியிலும், 1956-ல் பின்லாந்தின் அன்ட்டி விஸ்காரி 2 மணி 14 நிமிஷம் 14 விநாடியிலும் ஓடியதைக் கண்டு உலகம் வியந்தது. பிறகு அளந்து பார்த்தால், சாலைத் திருத்த வேலைகளால் பாதை பூரண அளவுக்குக் குறைவாகச் சுருங்கியிருந்தது. சில வருஷத்து ஓட்டங்கள் அந்தக் குறைந்த தூரத்தில் நடந்துவிட்டன. ஓடியவர்கள் மேல் குற்றம் ஏதும் இல்லை. காட்டப்பட்ட வழியில் அவர்கள் ஓடினார்கள்.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர் டெட் கார்பிட். அடிமைகளாக இருந்தவர்களின் பேரனாகத் தெற்குக் கரோலினாவில் 1919-ல் பிறந்து, நியூயார்க்கில் இயன்முறை வைத்தியராக வேலை பார்த்துக்கொண்டே 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் மராத்தானில் ஓடிய அவர், இங்கிலாந்தில் ஜான் ஜுவல் என்பவர் ஆராய்ந்து எழுதிய முறைகளைக் கற்று, 1964-ல் சாலைப் பாதைகளை அளப்பது பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அந்த முறைக்கு வேண்டிய கருவி சைக்கிள்தான். எஃகு நாடாவால் அளந்த நேரான ஒரு துண்டுச் சாலையில் சைக்கிளை ஓட்டி, சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி, இத்தனை சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கண்டுகொள்வார்கள். வெயிலில் டயரின் காற்று விரிந்து கணக்கு பிசகுமாதலால், பந்தயப் பாதையை அளப்பதற்கு முன்னும் பின்னும் அதே துண்டில் சரிபார்ப்பார்கள். வளைவுகளில், கெட்டிக்கார ஓட்டக்காரன் எவ்வளவு ஒட்டி ஓடுவானோ அவ்வளவு ஒட்டியே சைக்கிளும் போகவேண்டும். இத்தனைக்கும் பிசகு நேரலாம் என்று, பிற்காலத்தில் ஆயிரத்துக்கு ஒன்று வீதம், அதாவது மராத்தானுக்கு 42 மீட்டர், கூடுதலாகச் சேர்க்கும் விதி ஏற்பட்டது. அந்த எச்சரிக்கை வீண் அல்ல: 1981-ல் நியூயார்க்கில் அல்பெர்டோ சலஸார் 2 மணி 8 நிமிஷம் 13 விநாடியில் ஏற்படுத்திய உலக சாதனை, பாதையை மறுபடி அளந்ததில் சுமார் 148 மீட்டர் குறைவு என்று தெரிந்து, ஏட்டிலிருந்து நீங்கியது.

இன்று அளந்து சான்று பெற்ற பாதைக்கு ஒரு வரைபடம் இருக்கும். புறப்படும் கோடு இன்ன விளக்குக் கம்பத்திலிருந்து இத்தனை அடி, முடியும் கோடு இன்ன கட்டடத்து மூலையிலிருந்து இத்தனை அடி என்று அதில் குறித்திருப்பார்கள். இத்தகைய வரைபடம் இல்லாத பழைய ஓட்டங்களின் வழியைத்தான், நகராட்சியின் சாலைப் படங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெருத் தெருவாக நாம் இன்னும் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.