பங்காளிச் சண்டையில் ஒரு பாக்கிக் கணக்கு



நம் குடியிருப்பில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளும் உண்டு, இங்கிலாந்தில் இருக்கும் வீடுகளும் உண்டு. எந்த நாடு உசத்தி என்ற பேச்சு வந்துவிட்டால் மாலை நடைப்பயிற்சி பாதியில் நின்றுவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் நேற்று ஆரம்பித்தவர்கள். அந்த இரு நாட்டுக்காரர்களும் இருநூறு வருடங்களுக்கு மேலாக இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்று அது வேடிக்கைப் பேச்சு. ஆரம்பத்தில் அப்படி இல்லை. வேடிக்கையாக மாறியதற்கு அன்பு மட்டும் காரணமில்லை, பாக்கி தீர்த்ததும் காரணம் என்பது வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்த என் எண்ணம். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

1776-ல் அமெரிக்கா பிரிந்துபோனது. 1812-ல் மறுபடியும் போர். 1813-ல் அமெரிக்கப் படை கனடாவில் யார்க் என்ற ஊரில், அதாவது இன்றைய டொரண்டோவில், சட்டமன்றக் கட்டடத்தை எரித்தது. மறு வருடம் ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் நுழைந்தது. ஜனாதிபதி மாடிசன் வீட்டில் சாப்பாட்டு மேஜை தயாராக இருந்தது; வீட்டுக்காரர்கள் ஓடிவிட்டிருந்தார்கள். வந்த அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். நாடாளுமன்றக் கட்டடமும் அதிலிருந்த நூலகமும் எரிந்தன. 2003-ல் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது, அந்த நூலகத்தை எரித்ததற்குத் தாமதமாக மன்னிப்புக் கேட்டார். அவை சிரித்தது. 189 வருடம் கழித்துத்தான் அது சிரிக்கக்கூடிய விஷயமானது.

துப்பாக்கி ஓய்ந்ததும் பேனா கிளம்பியது. பிரான்சிஸ் டிரலோப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சின்சினாட்டியில் வியாபாரம் செய்யப் போய் நொடித்து ஊர் திரும்பினார். 1832-ல் அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புகையிலையை மென்று கண்ட இடத்தில் துப்புகிறார்கள் என்பது அதில் பெரிய புகார். புத்தகம் இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டது, அமெரிக்காவில் கொதித்தார்கள். வியாபாரத்தில் விட்டதைப் புத்தகத்தில் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடம் கழித்துச் சார்லஸ் டிக்கன்ஸ் போனார். ராஜ மரியாதை. ஆனால் அவருடைய நாவல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் காசு கொடுக்காமலேயே அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை அவர் மேடையில் எடுத்துச் சொன்னதும், விருந்தாளி கணக்குப் பேசலாமா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. ஊர் திரும்பி அவரும் கடுமையாக எழுதினார். 1867-ல் மீண்டும் போய், தன் கதைகளை மேடையில் வாசித்துக் காட்டிச் சுமார் 19,000 பவுண்டு சம்பாதித்தார். இந்த முறை கிளம்பும்போது, அமெரிக்கா எவ்வளவோ மாறிவிட்டது, என் பழைய புத்தகங்களின் பின்னால் இந்தப் பாராட்டையும் சேர்த்தே அச்சிடுவேன் என்றார். வருமானம் வந்த பிறகு அபிப்பிராயம் மாறியது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பயணத்தில் நடந்தன, அவ்வளவுதான்.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களுக்குச் சொல்லும்படியான கப்பற்படை கிடையாது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் கப்பல் பட்டறையில் ரகசியமாக ஒரு கப்பல் கட்ட ஏற்பாடு செய்தார்கள். பிரிட்டன் நடுநிலை நாடு. போரிடும் ஒரு தரப்புக்குப் போர்க்கப்பல் கொடுக்கக் கூடாது. வாஷிங்டனின் தூதர் ஆதாரங்களோடு எச்சரித்தார். அந்தக் கோப்பு அரசின் சட்ட ஆலோசகர் வீட்டுக்குப் போனது. அவரோ மனநிலை பாதிக்கப்பட்டிருந்தார். கோப்பு பிரிக்கப்படாமல் சில நாட்கள் அவர் வீட்டிலேயே கிடந்தது. ஒரு மேஜையில் தாள் தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1862 ஜூலை 29 அன்று, வெள்ளோட்டம் என்ற பெயரில் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் கிளம்பியது. விருந்தினரை மட்டும் வேறு படகில் திருப்பி அனுப்பிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. அதுதான் 'அலபாமா'. இரண்டே வருடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது; பெரும்பாலானவற்றை எரித்தது.

போர் முடிந்ததும் அமெரிக்கா நஷ்டஈடு கேட்டது. செனட்டர் சார்லஸ் சம்னர் போட்ட கணக்கு 200 கோடி டாலரைத் தாண்டியது. போர் நீண்டதே உங்களால்தான், அந்தச் செலவையும் கொடுங்கள் என்பது வாதம். பணத்துக்குப் பதில் கனடாவையே கேட்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. இதே அளவு காரணத்துக்காகப் படையெடுத்த நாடுகள் சரித்திரத்தில் நிறைய உண்டு. இவர்கள் 1871-ல் ஒப்பந்தம் போட்டு வழக்கை ஜெனீவாவில் ஐந்து நடுவர்களிடம் விட்டார்கள். இரு தரப்புக்கும் ஆளுக்கு ஒருவர். மற்ற மூவர் இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரேசில் நாட்டவர். 1872 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தர வேண்டும். பிரிட்டிஷ் நடுவர் கையெழுத்துப் போட மறுத்தார். ஆனால் பிரிட்டன் பணத்தைக் கட்டியது. ஐந்து வருடம் கழித்து மீன்பிடி உரிமை வழக்கில் 55 லட்சம் டாலர் கொடுக்க வேண்டிய முறை அமெரிக்காவுக்கு வந்தது. முணுமுணுத்துக்கொண்டே அவர்களும் கட்டினார்கள். இந்த இரண்டு வரவு செலவுக்குப் பிறகுதான் இவர்களின் சீண்டலில் விஷம் குறைந்தது என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் விளையாட்டு. 1851-ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பாய்மரப் படகுப் பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுபோனது. அந்தக் கோப்பையை இன்றுவரை பிரிட்டனால் வெல்ல முடியவில்லை. நமக்கெல்லாம் டீத்தூளால் அறிமுகமான தாமஸ் லிப்டன், அதாவது தமிழ்த் தொழிலாளர் உழைத்த இலங்கைத் தோட்டங்களின் முதலாளி, 1899-லிருந்து 1930 வரை ஐந்து படகுகளோடு போய் ஐந்து முறையும் தோற்றார். கடைசித் தோல்விக்குப் பின் அமெரிக்க மக்கள் தாங்களே காசு வசூலித்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். தோற்றவருக்கு ஜெயித்த ஊர் கோப்பை கொடுத்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். சம்பளம் அதிகம், சட்டை நேர்த்தி, பையில் சாக்லேட். உள்ளூர் வாலிபர்களுக்கு வயிற்றெரிச்சல். 1942-லேயே அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது: பெருமை பேசாதே, பணத்தைக் காட்டாதே, அவர்கள் ராஜாவைக் கிண்டல் செய்யாதே. வெளியூரில் குடியேறும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று அச்சடித்துக் கொடுக்கலாம்.

போர் முடிந்தபோது பிரிட்டனின் பெட்டி காலி. அமெரிக்கா அதுவரை கொடுத்துவந்த போர்க்கால உதவியை 1945 ஆகஸ்டில் சட்டென்று நிறுத்தியது. ஆரம்பத்தில் தனியாக நின்று போராடியவர்கள் நாங்கள், எனவே இனாமாகத் தாருங்கள் என்று கேட்கும் எண்ணத்தோடு பொருளாதார மேதை கீன்ஸ் வாஷிங்டன் போனார். கிடைத்தது கடன்: 375 கோடி டாலர், 2 சதவீத வட்டி, 1951 முதல் ஐம்பது வருடத் தவணை. பழைய உதவிக் கணக்கை முடித்த வகையில் இன்னும் 65 கோடி. கூடவே, பவுண்டை டாலராக மாற்றக் கேட்டால் மறுக்கக் கூடாது என்ற நிபந்தனை. 1947 ஜூலையில் அதை அமல்படுத்தினார்கள். கையிருப்பு கரைந்த வேகத்தில் ஐந்தே வாரத்தில் நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் நம் நாடும் வருகிறது. போருக்காக இந்தியா கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் தரவில்லை. லண்டனில் கணக்கில் எழுதி வைத்தது. வங்காளம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த 1943-லும் அந்தக் கணக்கு ஏறியது. போர் முடிந்தபோது நமக்கு வர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. கீன்ஸ் போட்டுவந்த ஒப்பந்தத்தில், இப்படிப்பட்ட பாக்கிகளில் ஒரு பகுதியை உடனே கொடுப்பது, ஒரு பகுதியைப் பிற்பாடு கொடுப்பது, ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வது என்று இருவருமாக எழுதிக்கொண்டார்கள். கடன் கொடுத்த நாம் அந்த மேஜையில் இல்லை. நல்லவேளை, நம் பங்கை அப்படிக் கழித்துவிட முடியவில்லை. ஆனால் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டது. 1949-ல் பவுண்டின் மதிப்பை 30 சதவீதம் குறைத்தபோது அந்த இருப்பின் டாலர் மதிப்பும் இறங்கியது. பங்காளிகள் கைகுலுக்கிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 130 கோடிதான் ஞாபகம் வரும்.

பிரிட்டன் அமெரிக்கக் கடனைக் கட்டியது. நடுவில் ஆறு வருடத் தவணைகளைத் தள்ளிப்போட்டதால் 2000-ல் முடிய வேண்டியது 2006 டிசம்பர் வரை இழுத்தது. கடைசித் தவணை 8 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதை அனுப்பியவர்களில் பலர், கடன் வாங்கியபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு கடனும் உண்டு. முதல் உலகப் போருக்காக அமெரிக்காவிடம் வாங்கியது. பிரிட்டனுக்குப் பாக்கி வைத்திருந்த மற்ற நாடுகள் கைவிரிக்க, 1934-லிருந்து பிரிட்டனும் அதற்குத் தவணை கட்டவில்லை. அது ரத்து செய்யப்படவும் இல்லை, வசூலிக்கப்படவும் இல்லை. எங்கள் கிளையாக இருந்தால் ஆடிட்டர் விட்டிருக்க மாட்டார்.