முத்துச் சலாபம் புகட்டும் பாடம்



இலங்கையின் வடமேற்கிலே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, கடலடியில் முத்துப்பார்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே முத்துக்குளிப்பு நடைபெறுவதைச் சலாபம் என்பர். உரோமர் காலத்திலேயே உலகறிந்த அச்செல்வம் எவ்வாறு அருகியது என்பது நாம் மறக்கலாகாத வரலாறாகும்.

முத்துச்சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலே, ஆர்க்காட்டு நவாபுடன் எழுந்த உரிமைப் பிணக்கினால், 1768ஆம் ஆண்டின் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சலாபம் நடைபெறவில்லை. மனிதர் பிணங்கியிருக்கப் பார்கள் ஓய்வு பெற்றுச் செழித்தன. 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அவ்வாண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இடைவிடாது சிப்பி அள்ளினர். திறைசேரி நிரம்பியது, பார்கள் வெறுமையாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சலாபம் இல்லாத ஆண்டுகளே மிகுதி. 1891இன் பின் ஒன்றுமே நடைபெறாதிருக்க, 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் ஆராய்ச்சிக்கென வரவழைக்கப்பட்டார். நகரும் மணலும் சிப்பி தின்னும் மீன்களும் பார்களை அழிப்பதை அவர் கண்டார். இளஞ்சிப்பிகளைத் தக்க இடங்களுக்கு மாற்றி வளர்க்குமாறு அறிவுரை கூறினார். 1903இல் சலாபம் மீண்டும் தொடங்கியது. 1905இல் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் குளித்துச் சுமார் 8 கோடி சிப்பிகளை எடுத்தனர்.

அப்பெருவிளைவைக் கண்டு, 1906இல் இலண்டன் கம்பனியொன்று ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907இன் பின் அதற்குச் சலாபமே வாய்க்கவில்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. 1925இல் நடைபெற்றதே பழைய முறையில் நிகழ்ந்த இறுதிச் சலாபம்.

இயற்கையும் இவ்வழிவிலே பங்குகொண்டது உண்மையே. ஆயினும், எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானித்தோர் வருவாயை எதிர்நோக்கியோரேயன்றிக் கரையில் வாழ்ந்தோர் அல்லர். கடலை நாளும் கண்டறிந்தவனின் குரல் அங்கே ஒலிக்கவில்லை.

அக்குரல் ஒலித்தால் யாது நிகழும் என்பதையும் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. இழுவைமடி கடலடியைச் சுரண்டிப் பவளப்பாறையையும் கடற்புல்லையும் மீன்குஞ்சையும் ஒருங்கே வாரிச் செல்வது. வடபகுதிச் சிறு மீனவர் பல ஆண்டுகள் இதனை எதிர்த்து மனுக் கொடுத்தனர். கூடிக் குரல் எழுப்பினர். 2017இல் பாராளுமன்றம் அம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை கடந்து வரும் படகுகளால் துன்பம் முற்றாக நீங்கிவிடவில்லை. எனினும், கரையோர மக்களின் முயற்சி நாட்டின் சட்டமாயிற்று.

நேயர்களே, கடலைக் காக்கும் கடமை மீனவருக்கு மாத்திரம் உரியதன்று. வெடிவைத்துப் பிடித்த மீனை வாங்க மறுப்பதும், கடற்பசு இறைச்சியைத் தீண்டாதிருப்பதும், பிளாஸ்ரிக் குப்பையைக் கரையில் எறியாதிருப்பதும் நம் எல்லோராலும் இயலும். சட்டம் மீறப்படுவதைக் கண்டால் ஊர்ச் சங்கத்துக்கும் கடற்றொழில் அதிகாரிக்கும் அறிவிப்போமாக. முத்துப்பார்களுக்கு அன்று ஓய்வளித்தது தற்செயலான ஒரு பிணக்கு; இன்று கடலுக்கு ஓய்வளிக்க வேண்டியது நமது ஒற்றுமையேயாகும்.