டெரோசியோ: இருபத்திரண்டு வயது ஆசிரியர்

கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெரு இடுகாட்டைப் பார்த்தவர்கள் அங்கு எழுந்து நிற்கும் கூம்புகளையும் மண்டபங்களையும் மறக்கமாட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிபதிகளும் தளபதிகளும் அவற்றின் அடியில் உறங்குகிறார்கள். சம்ஸ்கிருத அறிஞர் வில்லியம் ஜோன்ஸின் உயர்ந்த கல்லறையும் அங்குதான் உள்ளது. அதே இடுகாட்டில்தான் ஹென்றி லூயி விவியன் டெரோசியோவும் அடக்கம் செய்யப்பட்டார். அதிகாரமோ செல்வமோ இல்லாத அந்த இளைஞர் 1831 டிசம்பர் 26ஆம் நாள் காலராவில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. வங்காள மறுமலர்ச்சி என்றதும் ராம்மோகன் ராயையும் தாகூர் குடும்பத்தையும் நினைவுகூரும் நாம் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரி போதாது என்பதே நமது எண்ணம்.

டெரோசியோ 1809 ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். போர்த்துகீசிய வேர் கொண்ட கலப்புக் குடும்பம். நம் ஊரில் சட்டைக்காரர் என்று அழைக்கப்பட்டோரின் வங்காளக் கிளை என்று கொள்ளலாம். வெள்ளையருக்கு இவர்கள் வெள்ளையர் அல்லர், இந்துக்களுக்கோ முற்றிலும் அந்நியர். டிரம்மண்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தர்மதலாவில் நடத்திய பள்ளியில் டெரோசியோ படித்தார். இனம் பாராமல் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்திய பள்ளி அது. எதையும் ஐயுற்றுப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் அவரிடம் ஊன்றியது என்பர். பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. தந்தை வேலை பார்த்த வணிக நிறுவனத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். பிறகு பாகல்பூர்ப் பக்கம் உறவினரின் அவுரித் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே கங்கையின் நடுவே நிற்கும் ஜங்கீராப் பாறை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. 1828இல் வெளிவந்த அவரது நெடுங்கவிதையின் களம் அதுவே. கணவனின் சிதையேறக் காத்திருக்கும் இளம் விதவையை அவளது பழைய காதலனான பக்கிரி மீட்டுச் செல்வதும், பின்னர் அவன் போரில் மடிவதும் அதன் கதை. உடன்கட்டையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1829 டிசம்பரில் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். பைரனின் சாயல் அக்கவிதையில் தூக்கலாகவே தெரிகிறது. கவிஞராக அவர் இன்னும் முதிரவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

அவருடைய முழு மேதைமை வெளிப்பட்டது வகுப்பறையில். 1817இல் கல்கத்தாவின் இந்துப் பிரமுகர்கள் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்துக் கல்லூரியில் 1826இல் அவர் ஆசிரியரானார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. மாணவர்களில் சிலர் ஏறக்குறைய அவர் வயதினர். பாடம் மணியடித்ததும் முடிந்துவிடாது, அவர் வீட்டுக்கும் தொடரும். 1828இல் அவர் தலைமையில் தோன்றிய விவாதக் கழகத்தில் விதியா முயற்சியா, கடவுள் உண்டா இல்லையா, உருவ வழிபாடு தகுமா என்றெல்லாம் வாதம் நடந்தது. மந்திரம் சொல்ல வேண்டிய வேளையில் ஹோமரின் வரிகளைச் சொன்ன மாணவர்கள் இருந்தார்கள் என்று அக்காலத்தவர் குறித்திருக்கிறார்கள். ரசிக கிருஷ்ண மல்லிக் நீதிமன்றத்தில் கங்கை நீரைத் தொட்டுச் சத்தியம் செய்ய மறுத்த செய்தி நகரத்தையே உலுக்கியது. இளைஞர்கள் மிகையாகவே நடந்துகொண்டார்கள், அதை மறைப்பானேன்.

பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தத் தொடங்கினர். 1831 ஏப்ரல் 23ஆம் நாள் நிர்வாகக் குழு கூடியது. இவரிடம் பிள்ளைகளை ஒப்படைப்பது தகாது என்ற குற்றச்சாட்டு முதலில் முன்வைக்கப்பட்டது. பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. ஆனால் இந்து சமூகத்தின் அன்றைய மனநிலையில் அவரை நீக்குவது உசிதமா என்று கேள்வியை மாற்றிப் போட்டதும் பெரும்பான்மை அதற்குச் சாய்ந்தது. குழுவில் இருந்த ஐரோப்பியர்களான ஹொரேஸ் வில்சனும் டேவிட் ஹேரும் இது இந்துக்களின் மனநிலை பற்றிய விஷயம் என்று கூறி வாக்களிக்காமல் ஒதுங்கினர். குற்றவாளி அல்லர், ஆனாலும் போகட்டும் என்ற இந்தத் தீர்ப்பின் சாமர்த்தியம் நமக்குப் பழக்கமானதுதான். நீக்கத்திற்கு முன்நின்ற ராம்கமல் சென், பின்னாளில் பிரம்ம சமாஜத்தைப் பிளந்த கேசவ சந்திர சென்னின் பாட்டனார். வரலாறு தரும் இத்தகைய வேடிக்கைகளை நாம் ரசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

டெரோசியோ தாமாகவே விலகினார். வில்சன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதினார். கடவுளை நம்புகிறீரா? பெற்றோரை மதிப்பது கடமையன்று என்று கற்பிக்கிறீரா? உடன்பிறந்தார் மணம் குற்றமற்றது என்கிறீரா? ஏப்ரல் 26ஆம் நாள் அவர் எழுதிய பதில், நம் கருத்தில், அவர் கவிதைகளைவிட உயர்ந்த படைப்பு. கடவுளை மறுத்து எவரிடமும் பேசியதில்லை என்கிறார். ஆனால் ஹியூமின் ஐயவாதத்தை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்ததை மறைக்கவில்லை. அதற்கு ரீடும் டூகல்ட் ஸ்டூவர்ட்டும் அளித்த மறுமொழிகளையும் சேர்த்தே கொடுத்ததாகச் சொல்கிறார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி இளைஞரை நம்பவைப்பதுதான் ஆசிரியருக்கு அழகல்ல என்பது அவர் வாதம். தந்தையிடம் மரியாதையின்றி நடந்த மாணவரைத் தாம் கண்டித்ததையும் எடுத்துக்காட்டுகிறார். மூன்றாவது கேள்வியை அபத்தம் என்று தள்ளிவிடுகிறார். தம்மைப் பற்றிய வதந்திகளின் ஊற்று எது என்று அறிந்தவரின் சலிப்பு அக்கடிதத்தில் இருக்கிறது, கசப்பு இல்லை.

வேலை போன பிறகு அவருக்கு எஞ்சியிருந்தது எட்டு மாதங்களே. ஜூனில் தம் கலப்பினத்தாருக்காக 'ஈஸ்ட் இந்தியன்' என்ற நாளேட்டைத் தொடங்கினார். ஆகஸ்டில் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் நண்பர்கள், அவர் வீட்டில் இல்லாதபோது, மாட்டிறைச்சியை அடுத்த வீட்டுக்குள் எறிந்த சம்பவம் நடந்தது. கல்லூரியை விட்டு வெளியேறியிருந்தும் பழி ஆசிரியர் மீதே வந்தது. டிசம்பரில் நோய் கண்டது. மாணவர்கள் சிலர் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தனர். இறுதி நேரத்தில் அவர் கிறித்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார் என்று ஒரு சாரார் எழுதினர், மறு சாரார் மறுத்தனர். இறந்த பிறகும் அவரை யாரும் விடவில்லை.

அவரைச் சுற்றியிருந்த மாணவர்களின் வாழ்க்கை வெவ்வேறு திசைகளில் சென்றது. கிருஷ்ண மோகன் 1832இல் கிறித்தவரானார். ராம்தனு லாஹிரி 1851இல் பூணூலைத் துறந்தார். பியாரி சந்த் மித்ரா, வங்காளப் பேச்சுமொழியில் ஒரு நாவல் எழுதி இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றார். தட்சிணாரஞ்சன் முகர்ஜி 1849இல் தொடங்கிய பெத்தூன் பெண்கள் பள்ளிக்கு நிலம் தந்தார். 1843இல் இதே தட்சிணாரஞ்சன் கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களைக் கண்டித்துக் கட்டுரை வாசித்தபோது, கல்லூரி முதல்வர் ரிச்சர்ட்சன் இது ராஜத்துரோகத்தின் கூடாரம் என்று குறுக்கிட்டார். தலைமை தாங்கிய தாராசந்த் சக்ரவர்த்தி அவரை அடக்கினார். ராதாநாத் சிக்தர், பரங்கிமலையில் 1802இல் லாம்ப்டன் தொடங்கிவைத்த மாபெரும் முக்கோண அளவைப் பணியில், ஆசிரியர் இறந்த அதே 1831ஆம் ஆண்டில் கணக்கராகச் சேர்ந்தார். பதினைந்தாம் எண் சிகரம் என்று அப்போது அழைக்கப்பட்ட மலையின் உயரத்தைக் கணக்கிட்டவர் அவரே. அந்தச் சிகரத்துக்கு ஓர் அதிகாரியின் பெயர்தான் சூட்டப்பட்டது. எவரெஸ்ட் என்று நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.