மார்கழி வாடையும் ஒரு சோடிக் காலுறையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் கப்பல்களையும் கோட்டைகளையும் எண்ணுவது வழக்கம். மகாவம்சம் குறிப்பிடும் கோகர்ணத் துறை, 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயரிடமும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரிடமும் விழுந்த கோட்டை, 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகள் என்று அந்தப் பட்டியல் நீளும். பத்திரிகையில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். இன்று கப்பலை விட்டுவிட்டு, அதிலிருந்து இறங்கியவனின் காலைப் பார்க்க விரும்புகிறேன்.

சிங்கள அயலவர் காலுறையை 'மேஸ்' என்பார்கள். சிறுவயதில் நாங்களும் அப்படியே சொன்னோம். போர்த்துக்கேய மொழியின் 'மெயாஷ்' என்ற சொல்லின் திரிபு அது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர்கள், சில சொற்களையும் விட்டுச் சென்றார்கள். சொல் கடல்வழி வந்ததால், பொருளும் குளிர்நாட்டாருக்கே உரியது, நமது வெக்கைக்கு வேண்டாதது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணம் தவறு. எகிப்தின் அந்தினோப்பொலிஸ் நகரத்துக் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு குழந்தையின் இடக்கால் உறை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 1700 ஆண்டுகள். பல நிறப் பட்டைகள் கொண்ட அந்தக் காலுறையை 2018இல் ஆராய்ந்தபோது, மூன்றே தாவரச் சாயங்களைக் கலந்து அத்தனை நிறங்களையும் உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. அது ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்தது. இரண்டு ஊசிப் பின்னலில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய காலுறைகளும் எகிப்தைச் சேர்ந்தவையே. இடைக்காலத்து இஸ்லாமிய எகிப்தின் அந்தக் காலுறைகள் பருத்தி நூலால் ஆனவை. வெள்ளையும் அவுரி நீலமும் கொண்டு சித்திரவேலை செய்தவை. ஆக, வண்ணக் காலுறை பனியில் பிறந்த பொருள் என்று எவரும் சாதிக்க முடியாது.

ஆனாலும் எங்கள் வீட்டுக்குக் கம்பளி நூல் வந்தது குளிர்நாட்டிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் பெண்கள் கடற்படையினருக்காகக் காலுறைகளையும் கழுத்துத் துணிகளையும் மூட்டை மூட்டையாகப் பின்னி அனுப்பினார்கள். நீண்ட கடற்சப்பாத்துக்குள் அணியும் தடித்த வெண்கம்பளிக் காலுறை அவற்றுள் முதன்மையானது. வட அத்திலாந்திக்கில் உயிர்காத்த அந்தப் பொருள், எங்கள் துறைமுகத்தில் மாலுமியின் பைக்குள் வீணே கிடந்திருக்க வேண்டும். டொக்யாட்டில் வேலை பார்த்த என் பாட்டனாருக்கு அப்படிச் சில சோடிகள் கிடைத்தன. 1957இல் தளம் இலங்கை அரசிடம் கைமாறிய பின்னரும் அவை எங்கள் பெட்டகத்தில் வேப்பிலைக்குள் கிடந்தன.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, கடைகளில் கம்பளி நூல் அரிதானது. மார்கழி வாடைக்காற்றில் பிறக்கும் குழந்தைக்கோ தொப்பியும் காலுறையும் இல்லாமல் முடியாது. சின்னம்மா அந்த மாலுமிக் காலுறைகளைப் பிரித்தார். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். கதிரை முதுகில் சுற்றி, நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். பழைய சுவெற்றர்களிலிருந்து சிவப்பும் பச்சையும் மஞ்சளும் எடுத்தார். குழந்தையின் காலுறையில் ஒரு சுற்றுப் பின்ன ஒன்றரைச் சாண் நூல் போகும் என்பது அவர் கணக்கு. மூன்று சுற்றுக்கு ஒரு நிறம் என்றால் நாலரைச் சாண். அவ்வாறு அளந்து வெட்டி, நுனிகளை முறுக்கி இணைத்து ஒரே பந்தாகச் சுற்றிக்கொள்வார். பின்னப் பின்ன நிறம் தானே மாறும்.

1990களில் ஜெர்மனிய ஆலைகள் தாமாகவே பட்டை விழும் காலுறை நூலைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, இதே கணக்கைத்தான் சாயத் தொட்டியில் போட்டார்கள். சின்னம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார். பலநிற நூலோடு வெள்ளை நூலையும் சேர்த்து எடுத்து, கணக்குக் கொப்பியில் கோலம்போலக் குறித்துவைத்த சாய்சதுரங்களைப் பின்னினார். வெள்ளை மாறாமல் நின்றதால்தான் வடிவம் தெரிந்தது. இரண்டு நூலும் நிறம் மாறினால் வடிவம் கலங்கிப்போகும். முன்னே தேவைப்படாத நூல் பின்புறம் ஓடும். அது நீண்டுவிட்டால் குழந்தையின் விரல் மாட்டும். ஆதலால் நாலு கண்ணுக்கு மேல் விடமாட்டார்.

அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தை அழகாகப் பிரதிசெய்து, நான் உதவி ஆசிரியராக இருந்த பத்திரிகையின் மாதர் பகுதிக்கு அனுப்பினார். "இந்த வெயிலில் யாருக்குக் காலுறை?" என்று சிரித்துவிட்டு ஒதுக்கினேன். அந்தக் கிழமை எதை வெளியிட்டேன் என்பது இப்போது நினைவில்லை. கப்பல் செய்தியாகத்தான் இருந்திருக்கும். கொப்பி 1983 யூலையில் வீட்டோடு எரிந்தது.

தப்பியது ஒரு சோடி மட்டுமே. பிறப்புச் சான்றிதழ்களோடு சுற்றிவைத்திருந்ததால் அது முதலில் சென்னைக்கும் பிறகு ரொறன்ரோவுக்கும் போனது. சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளை பழுத்துவிட்டது. வலக்கால் உறையில் சிவப்பு மூன்று சுற்றும் நிறைவாக ஓடுகிறது. இடக்காலில் இரண்டாம் சுற்றின் பாதியிலேயே நூல் தீர்ந்து, பச்சை தொடங்கியிருக்கிறது.