வாய்வு, படபடப்பு, ஒரு வேர்: ஒரு மருந்தின் கதை

1/ "டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, வயித்தைப் பிசையுது. வாய்வா இருக்குமோ?" விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஓ.பி.யில் உட்கார்ந்த எந்த டாக்டருக்கும் இது பழகின கேள்வி. பல பேருக்கு ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாமே நார்மல். மனசுல இருக்கிற பதற்றத்தை உடம்பு பேசுது. ஆனா அந்த 'வாய்வு'ங்கிற சொல்லுக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு.

2/ சரக சம்ஹிதை, சூத்திரஸ்தானம், 20-ஆம் அத்தியாயம். வாதத்தால் வரும் 80 கோளாறுகளின் பட்டியல் அதில் இருக்கு. நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, சோர்வு, நிலையில்லாத மனம், எல்லாம் ஒரே பட்டியலில்! மனசு தனி, உடம்பு தனின்னு அவர்கள் கோடு கிழிக்கவில்லை. வாதத்துக்கு இன்னொரு பெயர் வாயு. அதுதான் நம்ம பேச்சில் வாய்வு.

3/ சரி, மருந்து? இங்கேதான் சர்ப்பகந்தி வருது. பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், மனநோய்க்கும் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட செடியின் வேர். பீகார் பக்கம் கடைத்தெருவிலேயே 'பைத்தியத்துக்கு மருந்து'ன்னு விற்றார்கள்.

4/ டில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான், ஆயுர்வேத-யுனானி திப்பியா கல்லூரியை நடத்தியவர். நாட்டு மருந்துகளை வேதியியல் முறையில் ஆராயணும்னு விரும்பினார். அந்தப் பொறுப்பை ஏற்ற வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி. அஜ்மல் கான் 1927-ல் காலமானார். 1931-ல் சித்திக்கி இந்த வேரிலிருந்து சில பொருட்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார்.

5/ அதே 1931-ல் கல்கத்தாவில் கவிராஜ் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: இந்த வேர் மனநோயாளியை அமைதிப்படுத்துது, ரத்த அழுத்தத்தையும் குறைக்குது. உலகம் பெரிசா கண்டுக்கவில்லை.

6/ 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், உயர் ரத்த அழுத்தத்துக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அப்புறம்தான் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி, வேரிலிருந்து 'ரிசர்பின்' என்ற பொருளைப் பிரித்தது. 1954-ல் நியூயார்க் மனநல மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் அதைப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார்.

7/ ரிசர்பின் என்ன செய்யுது? நரம்பு முனைகளில் நார்அட்ரினலின், டோபமின், செரடோனின் சேமித்து வைக்கப்படுவதைத் தடுக்குது. கையிருப்பு காலி. துடிப்பு குறையுது, பிரஷர் இறங்குது, மனசும் அடங்குது. நெஞ்சும் மனசும் ஒரே கயிற்றில் கட்டியிருக்குன்னு ரசாயனமே காட்டிக் கொடுத்தது.

8/ இன்னொரு ஆச்சரியம்: அஜ்மலின் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை மாற்றக்கூடியது. புருகடா சிண்ட்ரோம் என்ற பரம்பரை இதயக் கோளாறு இருக்கான்னு கண்டுபிடிக்க வெளிநாடுகளில் இன்றைக்கும் இதை ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்கள்.

9/ இதோட கதை முடிஞ்சா 'பாத்தீங்களா, நம்ம முன்னோர்!'னு கைதட்டிட்டுப் போயிடலாம். முடியலை. ரிசர்பின் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததாகவும், தற்கொலை எண்ணம் வந்ததாகவும் 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். அது எந்த அளவுக்கு மருந்தால் வந்தது என்பது இன்றும் விவாதம். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் ரிசர்பின் ஓரங்கட்டப்பட்டது.

10/ ஆக, நம்ம வேர் வேலை செஞ்சது உண்மை. வேலை செய்யுற எதுவும் பக்கவிளைவும் தரும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 'மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது?' என்ற கேள்விக்கு சர்ப்பகந்திதான் பதில். வேரில் சத்தின் அளவு செடிக்குச் செடி மாறும். பெயரில்லாத பொடியில் எவ்வளவு இருக்குன்னு விற்பவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ மனநல மாத்திரையோ சாப்பிடுபவருக்கு அது ஆபத்து.

11/ இப்போ பிரபலமா இருக்கிற அமுக்கராவுக்கும் இதே நியாயம். பதற்றம் ஓரளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்லுது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கு. கர்ப்பிணிகள் தவிர்க்கணும், தைராய்டு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது.

12/ கடைசியா மூணு விஷயம்:
- நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலின்னா 'வாய்வு'ன்னு சோடா குடிச்சிட்டு உட்காராதீங்க. முதல்ல ஈ.சி.ஜி.
- பொடி, லேகியம் எது சாப்பிட்டாலும் பாக்கெட்டோட டாக்டர்கிட்ட காட்டுங்க. திட்டினாலும் பரவாயில்லை. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் கையால் மட்டும் வாங்குங்க.
- டெஸ்ட் எல்லாம் நார்மல்னா 'உனக்கு ஒண்ணுமில்லை'ன்னு அர்த்தமில்லை. பதற்ற நோய் நிஜமான நோய், சிகிச்சை இருக்கு. பேசணும்னா டெலி மானஸ் 14416, இலவசம்.

படபடப்போட சுத்திக்கிட்டிருக்கிற உங்க வீட்டு ஆள் ஒருத்தருக்கு இதை அனுப்புங்க.