மூணு கடை பால்கோவா, ஒரே தட்டு: ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ருசியில் வித்தியாசம் எங்கே இருக்கு?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்புக்கு விருந்தாளியாகப் போனால், திரும்பும்போது கையில் பால்கோவா பொட்டலம் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். "ஸ்ரீவில்லிபுத்தூர்தானே பேர் போனது?" என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான். "எங்க ஊர் கோவாவ சாப்பிட்டுப் பார்த்துட்டு பேசுங்க" என்பார்கள். இரண்டு ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர் சொச்சம்தான். வத்திராயிருப்பு தனி வட்டம் ஆகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தில்தான் இருந்தது.

அப்படியென்றால் ருசியில் நிஜமாகவே வித்தியாசம் உண்டா? உண்டு. ஆனால் அது ஊரை விட பாலிலும் அடுப்பிலும்தான் அதிகம்.

புவிசார் குறியீடு எதைக் காப்பாற்றுகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கான சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமலுக்கு வந்தது. இந்தியாவில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. பிரான்ஸில் ஷாம்பெய்ன் பகுதியில் தயாராகும் நுரை ஒயினுக்கு மட்டும்தான் அங்கே 'ஷாம்பெய்ன்' என்று பெயர் வைக்க முடியும். அதே கதைதான் இதுவும்.

ஆனால் குறியீடு பாதுகாப்பது பெயரைத்தான். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கடைகளின் கோவா ஒரே ருசியில் இருக்கும் என்று அது உத்தரவாதம் தராது. வெளியூர் பேருந்து நிலையத்தில் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று எழுதி விற்கும் பொட்டலம் எங்கே கிண்டப்பட்டது என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு பால்?

இந்தக் கணக்கு தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். சுமார் 10 லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டினால் மூன்றேகால் கிலோ அளவுக்கு கோவா கிடைக்கும். அதாவது ஒரு கிலோவுக்கு 3 லிட்டர் பால்.

2023 டிசம்பரில் அறிவித்த ஊக்கத்தொகையையும் சேர்த்தால், ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாய். அந்த விலையில் பாலுக்கு மட்டுமே 114 ரூபாய் ஆகிவிடும். சர்க்கரை, விறகு, கிண்டுபவரின் கூலி, கடை வாடகை எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்குக்குக் கட்டுப்படியாகாத விலையில் ஒரு பொட்டலம் விற்றால், உள்ளே பால் குறைந்திருக்கும். சர்க்கரையோ மாவோ கூடியிருக்கும். அந்த விலையோடு மோத முடியாமல் தவிப்பது ஒழுங்காக கோவா கிண்டும் சின்னக் கடைக்காரர்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

நாலு பேர் சேர்ந்தால் நல்லது. ஒருவரே சாப்பிட்டால் மூன்றாவது கரண்டியிலேயே நாக்கு திகட்டிவிடும். மூன்று கடைகளில் ஒரே நாளில் 100 கிராம் வீதம் வாங்கி, எந்தக் கடை என்று தெரியாதபடி தட்டுகளின் அடியில் எண் எழுதிவிடுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். பிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து குளிர் போகட்டும். குளிரில் நெய் உறைந்து மணம் அமுங்கிவிடும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். பசும்பால் கோவாவில் லேசான மஞ்சள் இருக்கும், எருமைப்பால் என்றால் வெள்ளையாக இருக்கும். அதிக நேரம் சூட்டில் நின்றது பழுப்பேறும். விறகு அடுப்பில் ஒவ்வொரு கொப்பரைக்கும் சூடு மாறுவதால் ஒரே கடையிலேயே நேற்றைய நிறமும் இன்றைய நிறமும் வேறாக இருக்கலாம். அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல கோவா என்றால் நெய்ப்பசை ஒட்டும். மாவு கலந்தது பிசின் போல இழுக்கும்.

வாயில் போட்டதும் முதலில் வருவது பாலா, சர்க்கரையா? இதுதான் முக்கியமான கேள்வி. பால் முன்னால் வந்து இனிப்பு பின்னால் வர வேண்டும். குருணை மெத்தென்று கரைந்தால் நல்லது. பல்லில் நறநறவென்று மணலாகக் கடிபட்டால் சர்க்கரை கூடுதல், இல்லையென்றால் பழைய சரக்கு.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது. பக்கத்து சாத்தூர் காராச்சேவு ரெண்டு கடித்துக்கொண்டால் உறைப்பு நாக்கைத் தட்டி எழுப்பிவிடும். சர்க்கரை போடாத காபியும் நல்ல துணை. மாம்பழ சீசனில் ராஜபாளையம் சப்பட்டையைப் பக்கத்தில் வைக்க ஆசை வரும். கோவாவை முடித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழம் ஜெயித்துவிடும்.

சந்தேகம் வந்தால்?

கொஞ்சம் கோவாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியதும் ரெண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால், மாவுச்சத்து இருந்தால் நீலமாக மாறும். சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும், சாப்பிடக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனத்துக்கு: மேலே சொன்ன கணக்குப்படி 100 கிராம் கோவாவில் சேர்த்த சர்க்கரை மட்டும் 38 கிராம், அதாவது சுமார் எட்டு டீஸ்பூன். ருசி பார்க்க ஒரு விரல் நுனி போதும்.

சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. எழுதவில்லை என்றால் "எப்போ கிண்டினது?" என்று தயங்காமல் கேளுங்கள். வெயில் காலத்தில் தூரப் பயணத்துக்கு வாங்கினால், சூடு ஆறுவதற்கு முன் மூடிக் கட்டிய பொட்டலத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே வியர்த்து, ஊர் போய்ச் சேரும் முன்பே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.